நகராத சீட்டுக்கு அடியில்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னிக்கு விஷயம் ரொம்பச் சின்னது. கார்ல ஒரு சீட் நகரல. பட்டனை அழுத்தினா முன்னாடியும் பின்னாடியும் போகுமே, அந்தப் பவர் சீட். "இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா"ன்னு கேட்கலாம். நானும் ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சுத்தான் ஆரம்பிச்சேன்.

2024 மார்ச்ல நானும் என் ஹஸ்பண்டும் ஒரு செகண்ட் ஹேண்ட் செடான் வாங்கினோம். அஞ்சு வருஷ வண்டி, ஒரே ஓனர், ஆட்டோமேட்டிக். டிரைவர் சீட் பவர் சீட். எனக்கு அந்த சீட் மேலதான் கண்ணு. நான் அஞ்சடி ஒரு அங்குலம், அவர் ஆறடி. ஒரே வண்டியை ரெண்டு பேரும் ஓட்டினா, ஏறும்போதெல்லாம் சீட்டோட மல்லுக்கட்டணும். பட்டன் இருந்தா அந்தத் தொல்லை இல்ல.

அக்டோபர்ல சீட் மெதுவா நகர ஆரம்பிச்சது. நகர்ந்துச்சு, ஆனா பழைய அபார்ட்மென்ட் லிஃப்ட் மாதிரி. நான் கண்டுக்கல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு திங்கட்கிழமை காலையில மொத்தமா நின்னுடுச்சு. முந்தின நாள் ராத்திரி அவர் ஓட்டிட்டு வந்து நிறுத்தியிருந்தார், அதனால சீட் கடைசி வரைக்கும் பின்னாடி இருந்தது. எனக்குப் பிரேக் கால் விரல் நுனியில எட்டுது.

நான் என்ன பண்ணினேன்? சோபா குஷன் ரெண்டை எடுத்து முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு ஆபீஸ் கிளம்பினேன். சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் பண்ணியிருப்பீங்க.

மூணாவது நாள், பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்ல முன்னாடி போன ஷேர் ஆட்டோ திடீர்னு நின்னுச்சு. நான் பிரேக்கை மிதிச்சேன். மிதிச்ச வேகத்துல பிரேக் உள்ள போறதுக்குப் பதிலா நான் பின்னாடி போனேன். குஷன் அமுங்கிடுச்சு. நாம பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது முதுகு சீட்டுல முட்டுக் கொடுக்குது, அந்தப் பலத்துலதான் கால் வேலை செய்யுது. முட்டுக் கொடுக்கற இடத்துல பஞ்சு இருந்தா பலம் பஞ்சுக்குள்ள போயிடும். ஆட்டோவுக்கும் எனக்கும் நடுவுல அரை அடி இருந்திருக்கும். பின்னாடி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி திரும்பி என்னைப் பார்த்தாங்க. அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

சீட் பெல்ட்டும் அப்படித்தான். உடம்புக்கும் சீட்டுக்கும் நடுவுல அமுங்கற பொருள் இருந்தா, மோதும்போது அது அமுங்கற அளவுக்குப் பெல்ட் லூஸுன்னு அர்த்தம். இதுக்கு நேர்மாறான கேஸும் இருக்கு. சீட் முழுசா முன்னாடி வந்து மாட்டிக்கிட்டு, உயரமான ஆள் ஸ்டீயரிங்கை மார்போட அணைச்சுக்கிட்டு ஓட்டுவாங்க. ஏர்பேக் விரியறதுக்கு இடம் வேணும். ஸ்டீயரிங் நடுவுலேர்ந்து நெஞ்சு வரைக்கும் குறைஞ்சது 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர் விடச் சொல்றாங்க அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு. அதனால நகராத சீட்டை வசதிக் குறைச்சல்னு மட்டும் எடுத்துக்காதீங்க. அன்னிக்கு மதியமே வண்டியை ஆபீஸ்ல விட்டுட்டு மெட்ரோவும் பஸ்ஸுமா வீட்டுக்கு வந்தேன்.

சர்வீஸ் சென்டர்ல பார்த்துட்டு சீட்டை அசெம்ப்ளியா மாத்தணும்னாங்க. எழுபதாயிரத்துக்கு எஸ்டிமேட். உள்ள என்ன கெட்டிருக்குன்னு கேட்டேன். "மோட்டாரா இருக்கலாம் மேடம், கம்பெனி தனியா தர மாட்டாங்க." இருக்கலாம்கற வார்த்தைக்கு எழுபதாயிரம் கொடுக்க மனசு வரல.

அப்புறம்தான் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் கிடைச்சார். அம்பது வயசு இருக்கும். நேர்ல வந்தார். கையில பெரிய பெட்டியெல்லாம் இல்ல, ஒரு மஞ்சப்பை. கதவைத் திறந்ததும் எதையும் கழட்டல. என்னைக் கேட்டார்: "ஒண்ணு மட்டும் வேலை செய்யலியா, எல்லாமே வேலை செய்யலியா?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன், இதுல பாதி வேலை முடிஞ்சிடும். பவர் சீட்டுக்குள்ள பெரும்பாலும் ஒண்ணுக்கு மேல மோட்டார் இருக்கும். முன்னாடி பின்னாடி போறதுக்கு ஒண்ணு, உயரத்துக்கு ஒண்ணு, முதுகு சாயறதுக்கு ஒண்ணு. எல்லாம் 12 வோல்ட் டிசி மோட்டார். நேரா கரன்ட் விட்டா ஒரு பக்கம் சுத்தும், ரெண்டு ஒயரையும் மாத்திக் கொடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும். ஸ்விட்ச் பண்றது அந்த மாத்தற வேலையைத்தான். இப்ப, முதுகு சாயுது, உயரம் ஏறுது, முன்னாடி மட்டும் போகலன்னா, அந்த ஒரு மோட்டாரையோ ஸ்விட்சோட அந்த ஒரு பகுதியையோ சந்தேகப்படணும். எல்லாமே ஒரே நேரத்துல செத்துப்போச்சுன்னா மூணு மோட்டாரும் சேர்ந்து தற்கொலை பண்ணிக்கிட்டிருக்க வாய்ப்பு கம்மி. எல்லாத்துக்கும் பொதுவான இடத்துல கோளாறு: ஃப்யூஸ், மெயின் ஒயர், கனெக்டர், எர்த்.

என் சீட்ல எல்லாமே செத்திருந்தது. மூணு நாளா நான் முன்னாடி பின்னாடி பட்டனை மட்டும்தான் அழுத்திப் பார்த்திருந்தேன், மத்ததை யோசிக்கவே இல்ல. சர்வீஸ் சென்டர்ல மோட்டார்னு சொன்னாங்களே, அது எப்படின்னு அப்பதான் எனக்கே உறைச்சது.

அடுத்து அவர் காதை சீட்டுப் பக்கத்துல வச்சுக்கிட்டு "அழுத்தும்மா"ன்னார். சத்தமே இல்ல. சத்தம் முக்கியம். அழுத்தும்போது விர்ர்னு மோட்டார் ஓடற சத்தம் வந்து சீட் மட்டும் நகரலன்னா, கரன்ட்ல குறை இல்ல. பல சீட்ல ஒரே மோட்டார்லேர்ந்து ரெண்டு பக்க ரெயிலுக்கும் வளையற ஒரு கம்பி போகும், அதோட நுனி சதுரமா இருக்கும். அந்த நுனி மழுங்கினாலோ, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் கியரோட பல்லு போனாலோ மோட்டார் சும்மா சுத்தும். சில நேரம் ஒரு பக்கம் மட்டும் போய், சீட் கோணலா நின்னு மாட்டிக்கும். இந்த மாதிரி கேஸுக்குப் புதுப்பேட்டையில தேடினா பழைய சீட்டோட மெக்கானிசமே கிடைக்கும், பாகம் எண்ணைப் பார்த்து வாங்கணும்.

டக்குனு ஒரு சத்தமோ உம்முனு ஒரு முனகலோ வந்து நின்னுட்டா, மோட்டார் முயற்சி பண்ணுது, எதுவோ தடுக்குது. டார்ச் அடிச்சு ரெயிலைப் பாருங்க. காசு, பேனா, பாட்டில் மூடி, சார்ஜர் ஒயர். அண்ணன் ஒரு வண்டியில குழந்தையோட கொலுசை எடுத்தாராம். ராத்திரின்னா இன்னொரு வழி இருக்கு. உள்விளக்கைப் போட்டுட்டு, இன்ஜினை ஆன் பண்ணாம, சீட் பட்டனை அழுத்துங்க. விளக்கு லேசா மங்கினா மோட்டார் கரன்டை இழுக்குது, ஆனா அசைய முடியல. மங்கவே இல்லன்னா மோட்டாருக்குக் கரன்டே சரியா போகல. எனக்கு மங்கல.

ஃப்யூஸ் பார்த்தோம், நல்லா இருந்தது. போயிருந்தாலும் புதுசு மாட்டிட்டுச் சந்தோஷமா போயிடக் கூடாது, ஏன் போச்சுன்னு பார்க்கணும்கறது அவர் கட்சி. அதே இடத்துல பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போடறவங்களை அவர் திட்டினதை இங்க சொல்ல முடியாது. சீட் ஒயர் கார்ப்பெட்டுக்கு அடியில போகுது. ஃப்யூஸ் எரியலன்னா ஒயர் எரியும்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிச்ச கட்டம். நான் பெருமையா என் மல்டிமீட்டரை எடுத்து, சீட்டுக்கு அடியில இருக்கிற பெரிய கனெக்டர்ல பின்பக்கமா வச்சுக் காட்டினேன். 12.4 வோல்ட். "அண்ணா, கரன்ட் வருதே!" அவர் மஞ்சப்பையிலேர்ந்து ஒரு பழைய இன்டிகேட்டர் பல்பை எடுத்தார், ரெண்டு ஒயர் பத்தவச்சது. அதே இடத்துல வச்சார். பல்பு மின்மினி மாதிரி எரிஞ்சுது. பல்போட ஒரு ஒயரை அங்கேயே வச்சுட்டு, எர்த் ஒயரை மட்டும் கதவோரம் இருக்கிற வெறும் இரும்புல வச்சார். பளீர்.

குழாயை வச்சு யோசிங்க. குழாய்க்குள்ள அடைப்பு இருக்கு. வாயை விரலால மூடிக்கிட்டா உள்ள அழுத்தம் முழுசா தெரியும். விரலை எடுத்தா தண்ணி சொட்டும். மீட்டர் கிட்டத்தட்ட கரன்டையே எடுத்துக்காது, அதனால அதுக்கு அடைப்பு தெரியாது. பல்பு கரன்ட் கேக்குது, மோட்டார் இன்னும் நிறைய கேக்குது. கேட்டாத்தான் அடைப்பு வெளியே வரும். சீட் ரெண்டு வாரமா மெதுவா நகர்ந்ததும் இதனாலதான். வர்ற கரன்ட் சரியா வந்தது, திரும்பிப் போற வழி, அதாவது எர்த், கொஞ்சம் கொஞ்சமா அடைஞ்சுக்கிட்டிருந்தது.

இப்ப ஒரு சிக்கல். எர்த் போல்ட் கார்ப்பெட்டுக்கு அடியில. கார்ப்பெட்டைத் தூக்க சீட்டைக் கழட்டணும். சீட் முழுசா பின்னாடி இருக்கு, அதனால முன் போல்ட் ரெண்டும் தெரியுது, பின் போல்ட் ரெண்டும் ரெயிலுக்குள்ள மறைஞ்சிருக்கு. சீட் முன்னாடி வந்தாத்தான் சீட்டைக் கழட்டலாம். சீட் முன்னாடி வராததாலதான் கழட்டவே வேண்டியிருக்கு. அண்ணன் ஒரு தடிமனான ஒயரை எடுத்து, ஒரு நுனியைக் கனெக்டரோட எர்த் பின்னுல, மறு நுனியை வெறும் இரும்புல பிடிச்சுக்கிட்டு "இப்ப அழுத்து"ன்னார்.

சீட் நகர்ந்துச்சு. சும்மா இல்ல, புது வண்டி வேகத்துல. நான் கத்தினதுல மேல் ஃபிளாட் மாமா பால்கனிக்கு வந்துட்டார்.

எழுபதாயிரம் ரூபாய் சீட்டுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு ஒயர். அங்கேயே முடிச்சிருந்தா இது ஜாலியான எபிசோட்.

இனி வர்ற பகுதியைக் கேட்டுட்டு வீட்ல முயற்சி பண்றவங்க கவனமா கேளுங்க. பல வண்டியில சைடு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கும். அதோட கனெக்டர் மஞ்சள் நிறத்துல இருக்கும். அதுல மீட்டரோ பல்போ வைக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். சீட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரியோட நெகட்டிவ்வைக் கழட்டிட்டுக் காத்திருக்கணும். ஏர்பேக் யூனிட்டுக்குள்ள பேட்டரி போனப்பறமும் கொஞ்ச நேரம் சார்ஜ் நிக்கும். எவ்வளவு நேரம்னு உங்க வண்டியோட மேனுவல் சொல்லும். நாங்க டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் விட்டோம், கால் மணி நேரம். மஞ்சள் கனெக்டர் பிரிஞ்சிருக்கும்போது பேட்டரியை மாட்டி சாவியைப் போட்டுடாதீங்க, ஏர்பேக் விளக்கு எரிஞ்சு, ஸ்கேனர் வச்சுத்தான் அணைக்கணும்.

நாலு போல்ட்டையும் எடுத்து சீட்டைப் பின்னாடி சாய்ச்சோம். அண்ணன் கார்ப்பெட்டோட ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கினார். முதல்ல வாசனைதான் வந்தது. மழை விட்டு நாலு நாள் கழிச்சுத் தெருவுல வருமே, அந்தச் சேத்து வாடை. கார்ப்பெட்டுக்குக் கீழே தடிமனா ஒரு ஸ்பான்ஞ்ச் இருக்கும். அதுல விரலை வச்சு எடுத்தார், பவுடர் மாதிரி வண்டல். எர்த் போல்ட் துருவுல வீங்கியிருந்தது. கனெக்டர் பின்னுல பச்சைக் களிம்பு, கோயில் செம்புப் பாத்திரத்துல பூத்திருக்குமே, அது.

அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "எப்பம்மா வாங்கினீங்க?"

"மார்ச்ல ண்ணா."

"தண்ணியில நின்ன வண்டிம்மா இது."

2023 டிசம்பர் 3, 4 தேதியில மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணி எத்தனை நாள் நின்னுச்சுன்னு சென்னைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். நாங்க வண்டி வாங்கினது அதுக்கு மூணு மாசம் கழிச்சு. பளபளன்னு பாலிஷ் போட்டு, சீட்டெல்லாம் கிளீன் பண்ணி, லெமன் வாசனை அடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அந்த லெமன் வாசனையை நான் பாராட்டினது வேற ஞாபகம் வருது.

யோசிச்சுப் பாருங்க, உள்ள கணுக்கால் அளவு தண்ணி வந்தா இன்ஜின் தப்பிச்சுடலாம். சீட்டோட தோல் தப்பிச்சுடும், அது மேல இருக்கு. முதல்ல முழுகறது தரையில கிடக்கிற ஒயரும் கனெக்டரும்தான். கழுவித் துடைச்சா அன்னிக்கே எல்லாம் வேலையும் செய்யும். செம்பும் இரும்பும் அரிக்க மாசக்கணக்காகும். விக்கறவங்களுக்கு அந்த மாசங்கள் போதும்.

அண்ணன் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். நாம ஓட்டும்போது ஒரு நாளும் வெளியே வராத அந்தக் கடைசி ஒரு அடியில பழுப்பா ஒரு கோடு. ஸ்டெப்னி குழியில மூலையில மண்ணு. சீட்டுக்கு அடியில இருக்கிற ஸ்பிரிங்குல துரு. எல்லாம் எட்டு மாசமா எங்க கண்ணு முன்னாடிதான் இருந்தது.

அன்னிக்கு ராத்திரி பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்தேன், வாங்கும்போது ஆர்சியோட சேர்த்துக் கொடுத்தது. க்ளெய்ம் பண்ணாம ஓட்டினா நோ க்ளெய்ம் போனஸ் வருஷா வருஷம் ஏறும்: 20 சதவீதம், 25, 35, 45, 50. ஒரு க்ளெய்ம் பண்ணினா பூஜ்யத்துக்கு வந்துடும். ஒரே ஓனர் ஓட்டின அஞ்சு வருஷ வண்டி, 2024 பிப்ரவரியில புதுப்பிச்ச பாலிசி, போனஸ் பூஜ்யம். வெள்ளத்துக்காக க்ளெய்ம் பண்ணாங்கன்னு அந்தப் பேப்பர் சொல்லாது, பம்பர் மாத்தினாலும் பூஜ்யம்தான். ஆனா அந்தக் கட்டத்தை வாங்கும்போது பார்த்திருந்தா ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன். நான் பிரீமியம் எவ்வளவுன்னு மட்டும் பார்த்தேன்.

வித்தவருக்கு போன் பண்ணினேன். "நீங்க செக் பண்ணித்தானே மேடம் எடுத்தீங்க"ன்னார். அதுக்கப்புறம் போன் எடுக்கல.

வேலைக்கு வருவோம். எர்த் போல்ட் இருந்த இடத்தை வெறும் இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சு, ஒயர் நுனியில புது லக் போட்டு, துரு பிடிக்காம இருக்க கிரீஸ் தடவினார். சீட் கனெக்டரோட பின்னெல்லாம் புதுசு. ஸ்பான்ஞ்சை எடுத்து ரெண்டு நாள் மொட்டை மாடியில காயப்போட்டோம், வத்தலுக்குப் பக்கத்துல. மொத்தம் 1,800 ரூபாய்.

ஆனா மஞ்சள் கனெக்டர்லயும் ஒரு ஓரத்துல பச்சை இருந்தது. அதை அண்ணன் தொடவே இல்ல. "இது நான் பண்ணக் கூடாதும்மா. ஸ்கேன் பண்ணி மாத்தறவங்கதான் பண்ணணும்." வண்டியை டோ பண்ணித் திரும்ப சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். அந்த ஒயரிங் துண்டை மாத்த 14,000 ஆச்சு. சந்தோஷமா கொடுத்தேன். எட்டு மாசமா அந்த ஏர்பேக் விரிஞ்சிருக்குமா விரிஞ்சிருக்காதான்னு எனக்கு இனிமே தெரியப் போறதில்ல. என் அம்மாவை அந்த வண்டியில கும்பகோணம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கேன்.

சீட்டைத் திரும்ப மாட்டும்போது ரெண்டு விஷயம். சீட் பெல்ட்டோட பக்கிள் பெரும்பாலும் சீட்டுலதான் பிடிச்சிருக்கும். அப்படின்னா மோதும்போது உங்களைப் பிடிச்சு வைக்கிறது அந்த நாலு போல்ட். நாலையும் முதல்ல கையால திருப்பி உட்காரவச்சுட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச் வச்சு, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கணும். உத்தேசமா முறுக்கக் கூடாது. இன்னொண்ணு, ரெயிலைத் துடைச்சுட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் போடுங்க. எங்க மாமியார் தேங்காய் எண்ணெய் போதும்னாங்க. தலைக்கு ஓகே.

வண்டி ரெடியான அன்னிக்கு வீட்ல பெரிய சண்டை. அவர் சொன்னார், "இப்ப எல்லாம் வேலை செய்யுது. வித்துடலாம்." நான் கேட்டேன், "என்ன சொல்லி விப்போம்?" அவர் பதில் சொல்லல. நமக்கு யாரும் சொல்லலியேன்னு அவர் மனசுல இருந்தது. தப்புன்னு சொல்ல மாட்டேன், எனக்கும் அரை நிமிஷம் அது இருந்தது. ரெண்டு நாள் சரியா பேசிக்கல. அப்புறம் அவரே எல்லா போட்டோவையும், களிம்பு, வண்டல், பெல்ட் கோடு எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு, ஆர்சி காப்பியோட வச்சார். எப்ப வித்தாலும் அந்த ஃபோல்டரோடதான். ஒன்றரை லட்சமாவது குறையும்னு ஒரு புரோக்கர் சொன்னார். இப்போதைக்கு வண்டி எங்ககிட்டயே இருக்கு, சீட் அஞ்சடிக்கும் ஆறடிக்கும் நடுவுல தினமும் ஓடிக்கிட்டிருக்கு.

போன மாசம் ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தி கார் பார்க்கப் போகணும்னு துணைக்குக் கூப்பிட்டா. ஹேட்ச்பேக், சூப்பர் கண்டிஷன், நல்ல விலை. அவ டச் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டிருந்தா. நான் டிரைவர் சீட்ல உட்கார்ந்து, சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அணையுதான்னு பார்த்தேன். அணைஞ்சுது. அப்புறம் பெல்ட்டை இழுத்தேன். இழுத்துக்கிட்டே இருந்தேன். விக்கறவர், "என்ன மேடம், எங்க வரைக்கும்?"ன்னு கேட்டார்.

கடைசி ஒரு அடியில பழுப்புக் கோடு.

அவகிட்ட ஒண்ணும் சொல்லல, பெல்ட்டை மட்டும் பிடிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் எதிர்க் கடையில டீ குடிச்சுட்டு ஆட்டோ பிடிச்சு வந்துட்டோம்.